புளியமரங்களுக்கு மேற்கே வடிகால் வெட்டலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊர் வழியே வடக்குத் தெற்காகச் செல்லும் 5.5 மீட்டர் தார்ச்சாலையை 7 மீட்டராக அகலப்படுத்தப் போகிறார்கள். சாலையின் மேற்கு ஓரத்தில் 14 பழைய புளியமரங்களும், பேருந்து நிறுத்தத்தில் ஓர் ஆலமரமும் நிற்கின்றன. கிழக்கு ஓரம் பெரும்பாலும் புறம்போக்கு. நாங்கள் மனுக் கொடுத்த பிறகு, 3 புளியமரங்களை மட்டும் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவதாகவும், மற்றவற்றைத் தொடப்போவதில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மரங்களுக்கும் வயலுக்கும் நடுவே, அடிமரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, ஒரு மீட்டர் ஆழத்துக்கு வடிகால் வரப்போகிறது. ஆலமரத்தைச் சுற்றிப் பஞ்சாயத்து கான்கிரீட் மேடை கட்டித் தருமாம். ஊரார் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்; எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த மரங்கள் பிழைக்குமா? இன்னும் எதை, யாரிடம் கேட்க வேண்டும்? சாலையின் தென்கோடி அரைக் கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்குள் போகிறது.

பதில்:

அன்புள்ள ஐயாவுக்கு, வணக்கம்.

தங்கள் ஐயம் சரியானது. கடிதத்தில் சொல்லியிருக்கும் திட்டம் அப்படியே நிறைவேறினால், அந்த 11 மரங்களும் திறப்பு விழா நாளில் பச்சையாகத்தான் நிற்கும். ஆனால் அதன் பிறகு சில ஆண்டுகளுக்குள் அவற்றில் பல நுனிக்கிளையிலிருந்து காயத் தொடங்கும், சில காற்றில் சாயும். அப்போது ஒப்பந்ததாரர் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார், மரத்துக்கு வயதாகிவிட்டது என்று ஊரும் ஏற்றுக்கொண்டுவிடும். எனவே, பெயர்த்து நடுவது பற்றியும் மேடை பற்றியும் பேசுவதற்கு முன்பாக, அந்த மேற்கு வடிகாலை வரைபடத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். மற்ற எல்லாக் கோரிக்கைகளையும்விட முதலில் வைக்க வேண்டியது அதுவே என்பதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பொறியாளரிடம் பேசும்போது தங்களுக்கு அவை தேவைப்படும்.

பெரிய மரத்துக்கு ஆணிவேர் பாதாளம் வரை போயிருக்கும், மேலே சிறிது வெட்டினால் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. முதிர்ந்த மரத்தின் பெரும்பாலான வேர்கள் நிலத்தின் மேல் 60 முதல் 90 சென்டிமீட்டருக்குள்தான் படர்கின்றன, ஏனென்றால் வேர் மூச்சு விடுவதற்கு வேண்டிய காற்று அந்த ஆழம் வரைதான் தாராளமாகக் கிடைக்கிறது. ஆழத்தில் போகாத வேர் அகலத்தில் போகிறது. கிளைகளின் நிழல் விழும் எல்லையையும் கடந்து வெகுதூரம் போகிறது. தண்ணீரையும் உப்புகளையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களெல்லாம் அந்தத் தூரத்து விளிம்புகளில் இருக்கின்றன. ஒரு மீட்டர் ஆழத்தில் நீளவாக்கில் வெட்டப்படும் வடிகால், அந்தப் பக்கத்தில் மரத்துக்கு இருக்கும் வேர் முழுவதையும் ஒரே கோட்டில் துண்டித்துவிடுகிறது என்பதை இதிலிருந்து தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எவ்வளவு தூரம் தொடாமல் விட வேண்டும் என்பதற்குப் பல நாடுகளில் பின்பற்றப்படும் ஒரு கணக்கு உண்டு. கட்டுமானப் பணியிடத்து மரங்களுக்கான பிரிட்டன் நாட்டுத் தரக்குறிப்பு 5837, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, அதைப் போல் 12 மடங்கை ஆரமாக வைத்து வட்டம் போடச் சொல்கிறது. அந்த ஆரத்துக்கு 15 மீட்டர் உச்சவரம்பு. கயிற்றால் சுற்றளவை அளந்து 3.8-ஆல் பெருக்கினாலும் கிட்டத்தட்ட அதே எண் கிடைக்கும். 3 மீட்டர் சுற்றளவுள்ள புளியமரத்துக்கு இது ஏறத்தாழ 11.5 மீட்டர். தங்கள் சாலை முழுவதும், வயலின் ஒரு பகுதியும் இந்த வட்டத்துக்குள் வந்துவிடும். அவ்வளவு இடத்தையும் தொடாமல் சாலை போட முடியாது என்று பொறியாளர் சொல்வார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. வட்டத்தின் எந்தப் பகுதியைத் தொட்டால் மரம் பொறுத்துக்கொள்ளும், எதைத் தொட்டால் பொறுக்காது என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

தங்கள் ஊரில் அதற்கான விடை ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. பல்லாண்டுகளாக ரோலர் ஓடி இறுகிய தார்ச்சாலைக்கு அடியில் காற்றும் நீரும் புகுவதில்லை; அங்கே வேர் குறைவாகவே இருக்கும். உழுது, நீர் பாய்ச்சி, எரு போட்ட வயல் மேற்கே இருக்கிறது. எனவே இந்தப் புளியமரங்கள் தங்கள் வேரை மேற்கு நோக்கியே அதிகம் செலுத்தியிருக்கும். அடிமரத்துக்கு மேற்கே ஒன்றரை மீட்டரில் வெட்டினால், உணவு வரும் வழியையே அடைத்ததாகும்.

அதே பக்கத்தில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் விட்டிருக்கும் இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே மேற்கிலிருந்து கிழக்காகப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வருவதை ஆனி ஆடி மாதங்களில் தங்கள் ஊரில் எல்லோரும் அறிவார்கள். காற்று வரும் திசையிலுள்ள வேர்கள் பந்தலின் இழுகயிறுகளைப் போல மரத்தைப் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கின்றன. அந்த வேர்களை அடிமரத்துக்கு அருகிலேயே அறுத்துவிட்டால், மரம் சாலையின் மேல், அதாவது பேருந்துக்குக் காத்திருக்கும் மக்களின் மேலும் மாணவர்களின் மேலும் விழும். மேற்கு வடிகாலை நான் எதிர்ப்பதற்கு மரத்தின் மேலுள்ள பற்று மட்டும் காரணமன்று. இதை மனுவில் பொதுமக்கள் பாதுகாப்பு என்ற தலைப்பிலேயே எழுதுங்கள்; அலுவலகத்தில் அந்தப் பத்தி முதலில் படிக்கப்படும்.

மண்ணைப் பற்றியும் ஒரு சொல். தங்கள் ஊர் அடங்கிய சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் கரிசல் மண் இருக்கிறது. கேரளத்தின் வேறு பகுதிகளில் அரிதாகவே காணக்கிடைக்கும் மண் அது. மழையில் ஊதி, கோடையில் வெடிக்கும் மண்ணின் மேல் சாலை நிற்காது என்பதால், அதை அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை தோண்டி எடுத்துவிட்டுக் கிராவலை நிரப்புவார்கள், அல்லது சுண்ணாம்பு கலந்து இறுக்குவார்கள். பொறியாளருக்கு வேண்டாத அந்த மேல்மண்தான் வேர் முழுவதும் வாழும் மண். சுண்ணாம்பு கலந்த மண்ணிலோ காரம் ஏறி, ஒட்டியுள்ள வேர்கள் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இலை வெளுக்கும். ஆகவே வடிகாலை மட்டும் நகர்த்தினால் போதாது. மரங்களை ஒட்டிய மேற்கு விளிம்பில் புதிதாகத் தோண்டுவதே கூடாது என்றும் கேட்க வேண்டும்.

இதற்கு மாற்றாக என்ன செய்யலாம் என்று பொறியாளர் கேட்பார். கூடுதலாக வேண்டிய ஒன்றரை மீட்டர் முழுவதையும் கிழக்கே, புறம்போக்கின் பக்கம் எடுத்துக்கொள்ளலாம். இருபுறமும் சமமாக அகலப்படுத்த வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. நடுக்கோட்டை முக்கால் மீட்டர் கிழக்கே நகர்த்தி, ஊரின் இரு முனைகளிலும் மெல்ல வளைத்துப் பழைய கோட்டோடு சேர்ப்பது வழக்கமான வேலைதான். மேற்குப் பாதியில் இப்போதுள்ள சாலையைத் தோண்டாமல், மேல் தாரை மட்டும் சுரண்டிவிட்டுப் புதிதாக இடலாம். மழைநீருக்கு, சாலையின் நடுமுதுகிலிருந்து இருபுறமும் சரிவு கொடுப்பதற்குப் பதிலாக மேற்கிலிருந்து கிழக்காக ஒரே சரிவு கொடுத்து, வடிகாலைக் கிழக்கு ஓரத்தில் மட்டும் அமைக்கலாம். நூற்றுக்கு இரண்டரை என்ற சரிவில் 7 மீட்டர் அகலத்துக்கு மேற்கு விளிம்பு 17.5 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். அந்த உயரத்தைச் சரிக்கட்ட மரத்தடியில் மண்ணைக் கொட்டிவிடக் கூடாது என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வயலின் உபரி நீர் கிழக்கே போக வேண்டிய இடத்தில், இரண்டு மரங்களுக்குச் சரி நடுவில் சாலைக்குக் குறுக்கே குழாய் பதித்தால் போதும். இவை செலவைப் பெரிதாகக் கூட்டும் வேலைகள் அல்ல. ஆனால் மண் வேலை தொடங்குவதற்கு முன்பே வரைபடம் மாற வேண்டும்.

நான் மேலே வேரைப் பற்றிச் சொன்னது அனுமானம். அதை நேரில் பார்த்து உறுதி செய்துவிட்டால் தங்கள் வாதத்தை யாரும் தள்ள முடியாது. உதவிப் பொறியாளரின் ஒப்புதலோடு, வடிகால் வரவிருக்கும் கோட்டில் இரண்டு மூன்று மரங்களுக்கு அருகே சோதனைக் குழி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு முழ அகலமும் ஒன்றரை மீட்டர் நீளமும் போதும். ஜேசிபி கூடாது, ஆளை வைத்து, மேல்மண்ணை மண்வெட்டியால் சுரண்டி, அதன் பிறகு சிறு கொத்தால் கிளறி, வேர் தென்பட்டதும் கையாலும் தண்ணீராலும் மண்ணை நீக்க வேண்டும். புளியின் உயிருள்ள வேரை நகத்தால் சுரண்டினால் உள்ளே ஈரமாக இருக்கும். செத்த வேர் பொடிப்பொடியாக உதிரும். 2.5 சென்டிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள ஒவ்வொரு வேருக்கும் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, எந்த ஆழத்தில், அடிமரத்திலிருந்து எவ்வளவு தொலைவில் என்று குறித்துக்கொண்டு, அன்றே ஈரச் சாக்கைப் போட்டுக் குழியை மூடிவிடுங்கள். திறந்த குழியில் ஒரு பகல் வெயில் பட்டாலே மெல்லிய வேர்கள் கருகிவிடும்.

வேலை நடக்கும்போது மரத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் யாரும் தீங்கு நினைக்காமல் செய்பவை. நிழல் இருக்கிறதே என்று டிப்பரை மரத்தடியில் நிறுத்துவார்கள். ஜல்லியையும் எம்-சாண்டையும் அங்கேயே குவிப்பார்கள். தார் டின்னைக் காய்ச்சுவதும், கலவை இயந்திரத்தைக் கழுவி ஊற்றுவதும், டீசல் சிந்துவதும் அங்கேதான் நடக்கும். கனரக வண்டி முதல் சில முறை ஏறி இறங்கும்போதே மண்ணின் துளைகளில் பெரும்பங்கு நசுங்கிவிடுகிறது. பிறகு எத்தனை முறை கொத்திவிட்டாலும் பழைய நிலை எளிதில் திரும்பாது. எனவே மேற்கு ஓரம் முழுவதும் மூங்கில் நட்டு வலை கட்டி, முதல் வண்டி வருவதற்கு முன்பே அடைத்துவிடுவதுதான் மிக மலிவான, மிகப் பயனுள்ள பாதுகாப்பு. எங்காவது வண்டி கடந்தே ஆக வேண்டுமென்றால், தங்கள் பகுதியில் தாராளமாகக் கிடைக்கும் தேங்காய் மட்டையை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, மேலே இரும்புத் தகடு போட்டு ஓட்டச் சொல்லுங்கள். வேறு வழியின்றி ஒரு வேரை அறுக்க நேர்ந்தால் கூர்மையான ரம்பத்தால் நேராக அறுக்க வேண்டும். ஜேசிபியின் பல்லால் இழுத்துப் பிய்த்த வேர் அடிமரம் வரை பிளந்து, அந்தப் பிளவின் வழியே பூஞ்சை ஏறும். வேர் போனதற்கு ஈடாகக் கிளைகளை மொட்டையடிக்கச் சிலர் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். புது வேர் விடுவதற்கான உணவை இலைதான் தயாரிக்க வேண்டும். காய்ந்த கிளைகளையும், காற்றில் முறியக்கூடியவற்றையும் மட்டும் ஆடிக்கு முன்னதாகக் கழித்தால் போதும்.

இனி அந்த 3 மரங்கள். பெயர்த்து நடுவதைப் பற்றிச் செய்திகளில் வரும் படங்கள் அழகாக இருக்கின்றன. ஆல், அரசு போன்ற மரங்கள் அதை ஓரளவு தாங்கும், ஏனென்றால் அவை வெட்டிய கொம்பிலிருந்தே வேர் விடக்கூடியவை. முதிர்ந்த புளி அப்படிப்பட்டதன்று. அடிமர விட்டத்தைப் போல் பத்து மடங்கு அகலமுள்ள மண் உருண்டையோடு எடுக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. ஒரு மீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு 10 மீட்டர் அகல உருண்டை வேண்டும், அதை எந்தக் கிரேனும் தூக்கிச் சாலையில் கொண்டு போக முடியாது. ஆகவே வேரில் பெரும்பகுதியை வெட்டிவிட்டு, மொட்டைக் கட்டையைத்தான் நடுகிறார்கள். மரப் பெயர்ச்சிக்கென்று 2020-இல் தனிக் கொள்கையே வகுத்த தில்லியில், மூன்று ஆண்டுகளில் பெயர்த்து நட்ட 16,461 மரங்களில் மூன்றில் ஒரு பங்கே பிழைத்ததாக 2022-இல் உயர் நீதிமன்றத்தில் அரசே தெரிவித்தது. அந்த மூன்று புளிகளும் நிற்கும் இடத்திலேயே நிற்க, அங்கே மட்டும் சாலையைச் சற்றுக் குறுக்கி, எச்சரிக்கைப் பலகையும் ஒளிரும் பட்டையும் வைத்து, வேகத்தைக் கட்டுப்படுத்த முடியுமா என்று கேளுங்கள். ஊருக்குள் வரும் சாலையில் வேகம் குறைவது தீமையன்று. ஆனால் அவற்றில் ஏதேனும் உள்ளே பொந்து விழுந்து, தட்டினால் வெற்றொலி எழுப்பி, சாலைப் பக்கம் சாய்ந்திருந்தால், அதை வெட்டவிடுங்கள். ஆபத்தான மரத்துக்காக வாதாடினால் நல்ல மரங்களுக்காகப் பேசும் போது தங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்காது.

ஆலமரத்து மேடையை ஊரே விரும்புகிறது என்பதால் இதைச் சொல்வது தங்களுக்குச் சங்கடமாக இருக்கும்; இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். பழைய ஊர்களில் ஆலமரத்தடியில் மேடை பார்க்கிறோமே என்பார்கள். அவற்றில் பல, கன்றாக இருந்தபோதே கருங்கல்லும் மண்ணும் வைத்து எழுப்பப்பட்டவை. மரம் அந்த மேடைக்குத் தக வளர்ந்தது. முதிர்ந்த மரத்தைச் சுற்றி இப்போது சுவர் எழுப்பி, உள்ளே மண்ணை நிரப்பி, மேலே கான்கிரீட் போட்டால், இத்தனை காலம் வெளிக்காற்றில் இருந்த அடிமரப் பட்டை ஈரத்தில் ஊறி அழுகும், கீழே வேர் மூச்சுத் திணறும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்காவது கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் தில்லிக்கு ஆணையிட்டது. ஆலமரத்துக்கு அந்த ஒரு மீட்டரும் போதாது. பஞ்சாயத்தின் பணம் வீணாக வேண்டாம்: வட்டமாகக் கல் பலகைகளைக் குட்டைக் கால்களின் மேல் நிறுத்தி இருக்கைகளாக்கி, தரையை மண்ணாகவே விட்டுவிடலாம். பேருந்தின் கூரையில் உரசும் விழுதுகளை வெட்டிக்கொண்டே இருப்பதற்குப் பதிலாக, வயல் பக்கம் இறங்கும் சில விழுதுகளை மண் நிரப்பிய நீண்ட மூங்கில் குழாய்களுக்குள் விட்டுத் தரையில் ஊன்றச் செய்தால், காற்றைத் தாங்க மரத்துக்குப் புதிய தூண்கள் கிடைக்கும்.

யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு வருகிறேன். முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மதிப்பீடு, குறுக்குவெட்டு வரைபடம், மரக் கணக்கெடுப்பு ஆகியவற்றின் நகல்களைப் பொதுப்பணித் துறையிடம் கேளுங்கள். 30 நாட்களுக்குள் தர வேண்டும். அதுவரை காத்திராமல் செயற்பொறியாளருக்கும், மாவட்ட ஆட்சியருக்கும், வனத்துறையின் சமூக வனவியல் பிரிவுக்கும் மனுவை அனுப்பிவிடுங்கள். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதுவதற்கு கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. மனுவைத் தமிழிலேயே எழுதி, அளவுகளும் கோரிக்கையும் அடங்கிய ஒரு பக்க மலையாளச் சுருக்கத்தை மேலே வைத்தால், களத்திலுள்ள பொறியாளர் அன்றே படித்துவிடுவார். பஞ்சாயத்தில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கும். ஊரின் மரம், செடி, உயிரினங்களை அது பதிந்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இந்த 15 மரங்களும் சுற்றளவு, இருப்பிடம், கூடு கட்டும் பறவைகள் ஆகியவற்றோடு பதிவாகியிருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள். எல்லைக்கு அப்பாலுள்ள அரைக் கிலோமீட்டருக்கு நிர்வாகம் வேறு: தமிழ்நாட்டில் பொது இடத்து மரங்களை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதால், கோவை ஆட்சியருக்குத் தனி மனு கொடுக்க வேண்டும். இரு மாநில அலுவலகங்களும் மற்றவர் வரைபடத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். எல்லையில் வடிகால் எந்தப் பக்கத்தில் சேரப்போகிறது என்ற கேள்வியைத் தாங்கள் கேட்டாலே இருவரும் பேசித்தான் ஆக வேண்டும்.

மரத்தின் விலையை ஏலக் கணக்கில் சில ஆயிரமாகச் சொல்கிறார்களே என்று மனம் வருந்துபவர்கள் உண்டு. மேற்கு வங்கத்து ஜெசோர் சாலையில் 356 மரங்களை வெட்டுவது பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்று கணக்கிட்டது. இதை மனுவில் குறிப்பிடலாம். ஆனால் இதையே நம்பியிருக்க வேண்டாம். அதே மரங்களை வெட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் 2023-இல் அனுமதி கொடுத்துவிட்டது. அலுவலகத்தில் பணமதிப்பைவிட, அளந்து குறித்த வேரும், செலவு கூடாத மாற்று வரைபடமும் அதிகம் எடுபடும் என்பது என் தொழிலில் நான் கண்டது.

கடைசியாக, வரைபடம் மாறினாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர வேண்டும்: சாலைக்கான குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (சாலையில் பழுது வந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம்) முழுவதும் இந்த 15 மரங்களும் ஒப்பந்ததாரரின் பொறுப்பு, பட்டுப்போனால் அதற்கான தொகை பிடித்தம் செய்யப்படும் என்று. அந்தக் காலத்தில் மாசி முதல் வைகாசி வரை, பத்து நாளைக்கு ஒரு முறையேனும் மேற்குப் பக்கம் ஆழ ஊறும்படி தண்ணீர் விட வேண்டும். அடிமரத்தில் ஊற்றுவதால் பயனில்லை, கிளை விளிம்பின் நேர்கீழே ஊற்ற வேண்டும். ஒவ்வொரு மரத்தையும் வேலை தொடங்கும் முன் ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே இடத்தில் நின்றும் படம் எடுத்து வையுங்கள். சோதனைக் குழி எடுத்ததும் வேர்களின் அளவு, ஆழம், தொலைவு ஆகியவற்றையும், 14 புளிகளின் சுற்றளவையும், தார் விளிம்பிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். தோண்டக் கூடாத இடங்களைக் குறித்த வரைபடம் ஒன்றைத் தங்கள் மனுவோடு இணைக்கும்படி தயாரித்துத் தருகிறேன்.